தாம்பூலத் தட்டில் விழுந்த அடி

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் முத்துக்குமாரசாமி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே! தென்காசி, குற்றாலம், வடகரையிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே! மாணவச் செல்வங்களே!

நம் ஆங்கில ஆசிரியர் குத்தாலிங்கம் அவர்களை இழந்து நிற்கிறோம். அழுகைக்கு நடுவிலும் என் நெஞ்சில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஏன்? சொல்கிறேன்.

நீண்ட ஆங்கிலச் சொல் என்றாலே நம் பிள்ளைகளுக்கு நடுக்கம். அதை அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் விழும் இடத்தில் மேசையை அறைவார் அவர். யூ-னி-வர்-சி-டி! மூன்றாவது அசையில் அடுத்த அறையே அதிரும். அந்த அறையில் தமிழ் நடத்துபவன் நான். “அண்ணாச்சி, அசை பிரிக்கது எங்க சொத்துல்லா? தமிழுக்கு இந்த அடிதடியெல்லாம் வேண்டாம்” என்பேன். சிரிப்பார்.

அந்த நாவையா பக்கவாதம் கட்டிப்போட வேண்டும்! அதுவும் மகள் நாச்சியாருக்கு நல்ல வரன் அமைந்த நேரத்தில்! “பொண்ணு தாறேன்னு அப்பன் வாயால சொல்லணும். மாமன், சித்தப்பன் சொன்னா எங்க வழக்கத்துல செல்லாது” என்றுவிட்டார் வடகரை மாப்பிள்ளையின் பாட்டனார்.

குத்தாலிங்கம் சோர்ந்தாரா? இல்லை! படுத்தபடியே இடக்கையால் கட்டிலைத் தட்டினார். அசை அசையாக நாவைப் பழக்கினார். முதலில் வந்த சொல் என்ன தெரியுமா? யூனிவர்சிடி! “ஏட்டி நாச்சியா, ஓடியா! எம்பேர விட்டுட்டு ஒங்கப்பா இங்கிலீசு பேசுதாக!” என்று அவர் மனைவி முத்துவடிவு அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார்களாம்.

நிச்சய தாம்பூலத்தன்று நானும் இருந்தேன். அவர் கை தாம்பூலத் தட்டில் விழுந்தது. “என்... ம-க-ளைத்...” ஓங்கி ஓர் அடி! பாக்கெல்லாம் துள்ளின. “...தா-றேன்.”

“போதும் சம்பந்தி! காது குளுந்துட்டு” என்றார் பாட்டனார். அப்பாடா! தமிழுக்கு அடிதடி வேண்டாமென்று வாதாடியவன் அன்று தோற்றேன். நல்லவேளை, தோற்றேன்!

தை மாதம் கல்யாணத்தைக் கண்ணாரக் கண்டார். மாசியில் உறக்கத்திலேயே போய்விட்டார். குறையேதும் வைக்காமல் போனார்.

மாணவர்களே, அவர் மேசையின் ஓசை நிற்காது. புது ஆசிரியர் வரும்வரை, நாளை முதல் நானே அதைத் தட்டுவேன்.

இனி மௌன அஞ்சலி என்பார்கள். தலைவர் மன்னிக்க வேண்டும். மௌனத்தோடு மல்லுக்கட்டி வென்றவருக்கு நாம் மௌனத்தையா கொடுப்பது? எழுந்து நின்று, வாய்விட்டு, என்னோடு சொல்லுங்கள்:

குத்-தா-லிங்-கம்!