வராந்தாவில் கேட்காத டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர் சங்கத் தலைவர் அவர்களே, திருமங்கலத்துப் பெரியோர்களே, பேரையூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

டாக்டர் அன்னக்கொடி அம்மையார் நம்மை விட்டுப் போய்விட்டார். அழுவதற்காக நான் எழுந்திருக்கவில்லை. அவரோடு ஒரே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தவன் நான். அவரோடு ஓயாமல் சண்டை போட்டவனும் நான்தான். எதற்குச் சண்டை? கேளுங்கள்!

எழுபத்தொன்பதில் பேரையூர்ப் பக்கமிருந்து செல்லத்தாய் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் ஆறு மாதம். இதயத்தில் கோளாறு. படுத்தால் மூச்சு முட்டும். கருவைக் கலைத்தால் தாய் பிழைக்க வழியுண்டு. சுமந்தால் இரண்டு உயிரும் போகலாம். வராந்தாவில் பஞ்சாயத்துக் கூடிவிட்டது! மாமனார் நல்லகாமன், வயிற்றுப் பிள்ளைதான் வேண்டும் என்கிறார். அண்ணன் முத்திருளன் தங்கை வேண்டும் என்கிறார். இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டியாயிற்று!

நம் டாக்டர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா? நாடி பிடிப்பது பெண்ணின் கையில். பதில் கேட்பது வராந்தாவில்! அம்மையார் அப்படிக் கேட்டாரா? கேட்கவில்லை! செல்லத்தாயிடம் கேட்கப் போகிறேன் என்றார்.

"நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம்ல, பொம்பளகிட்ட என்னம்மா கேக்குறது?" என்று நல்லகாமன் சீறினார்.

"இம்புட்டுப் பேர்ல யாருக்குய்யா மூச்சு முட்டுது?" என்றார் அம்மையார்.

என்னையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கட்டிலருகே உட்கார்ந்து, இரண்டு பக்கத்து ஆபத்தையும் மறைக்காமல் சொன்னார். செல்லத்தாய் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"வீட்ல ரெண்டு சின்னதுக கெடக்குதுக டாக்டரம்மா. அதுகளுக்கு நான் வேணும். செஞ்சிருங்க. கொஞ்ச நேரம் அழுதுக்கிறேன், அம்புட்டுத்தேன்."

அழுது முடியும்வரை அம்மையார் அவர் கையை விடவில்லை.

நான் எதிர்த்தேன். கருக்கலைப்புச் சட்டம் அனுமதிக்கும் இருபது வாரம் தாண்டிவிட்டது என்றேன். உயிரைக் காப்பாற்ற அதற்குப் பிறகும் செய்யலாம் என்று அதே சட்டம் சொல்கிறதே என்றார். சட்டத்தில் அவர் சொன்னதே சரி. ஆனால் ஆறு மாதக் கருவை நினைத்தால் என் மனம் இன்றைக்கும் ஆறவில்லை. இந்த மேடையிலும் அதை மறைக்க மாட்டேன்.

"ஒங்களுக்கு ஒப்பலைன்னா ஒப்பலைன்னு சொல்லுங்கண்ணே. அவகிட்ட கேக்காதன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

செல்லத்தாய் பிழைத்தார்! நல்லகாமனின் ஆட்கள் ஜன்னலை உடைத்தார்கள். சுவரில் கொலைகாரி என்று எழுதினார்கள். அம்மையார் அசைந்தாரா? மறுநாள் அதே சுவரைக் கடந்துதான் வார்டுக்குள் போனார்!

அப்பேர்ப்பட்டவருக்கு மாலை போட்டால் போதுமா? போதாது! இன்றைக்கும் எங்கள் வார்டில் இதே நிலையில் ஒரு பெண் இருக்கிறார். அவருடைய உறவினர்களும் அஞ்சலி செலுத்த வந்திருக்கிறார்கள். "கலைக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம் டாக்டர்" என்று வாசலிலேயே என்னிடம் சொன்னார்கள். ஐயா, கோபப்படாதீர்கள். உங்கள் முடிவு எனக்கும் பிடித்த முடிவுதான். ஆனாலும் இந்த மைக்கை விட்டு இறங்கியதும் நேரே அவர் கட்டிலுக்குத்தான் போகிறேன். அவரிடம் கேட்பேன். அவர் வேறு மாதிரி சொன்னால், உங்களுக்கும் எனக்கும் எதிராக அவர் பக்கம் நிற்பேன். வருகிறேன்!