இருக்கார், இருந்தார்

மருமகள்: அத்தை, அங்க இல்ல… இந்த வரிசை. கடைசிக்கு முன்னாடி வரிசை.

அத்தை: ஏன்டி, முன்னாடி அத்தனை நாற்காலி காலியா கிடக்கு. இங்க உட்கார்ந்தா மேடையில நிக்கிறது ஆளா தூணான்னு கூடத் தெரியாது.

மருமகள்: எல்லாம் தெரியும். உட்காருங்க. பையை மடியில வச்சுக்கோங்க.

அத்தை: அடேயப்பா… மேல பாரேன், எவ்வளவு உயரம்! இங்கதான் சாயங்காலம் சாயங்காலம் படிக்க வர்றியா?

மருமகள்: இது அரங்கம் அத்தை. எங்க வகுப்பு மாடியில. சுண்ணாம்பு உதிர்ற சின்ன ரூம்.

அத்தை: பாப்பா அழுவாளோ?

மருமகள்: பக்கத்து வீட்டு அக்கா பார்த்துப்பாங்க.

அத்தை: சரி, இந்த நாடகத்தை யாரோ எழுதினாங்கன்னியே…

மருமகள்: எங்க கூடப் படிக்கிற ஒருத்தி.

அத்தை: எந்த ஒருத்தி?

மருமகள்: உங்களுக்குத் தெரியாது.

அத்தை: கெட்டிக்காரிதான். இங்கிலீஷ்ல ஒரு நாடகமே எழுதிட்டாளே! நீயும் இருந்தியே…

மருமகள்: நான் என்ன?

அத்தை: ஓட்டல் லாண்டரியில ஃபோன் அடிச்சா அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவேன்னு நீதானே சொன்ன?

மருமகள்: பின்ன? சட்டை தேச்சாச்சான்னு ரூம்லேருந்து இங்கிலீஷ்ல கேப்பாங்க. பதில் நாக்கு நுனியில வந்து நிக்கும்… வெளிய வராது. அதுக்குத்தானே படிக்கவே சேர்ந்தேன்.

அத்தை: இப்போ தூக்கத்துல கூட இங்கிலீஷ்தான்.

மருமகள்: ஐயையோ… என்ன பேசறேன்?

அத்தை: எனக்கென்ன புரிஞ்சுது? புஸ்ஸு புஸ்ஸுன்னு குக்கர் மாதிரி…

முன்சீட்டுக்காரர்: அம்மா… ஆரம்பிச்சாச்சு.

அத்தை: ஆரம்பிக்கட்டுமே தம்பி. நாங்களா தடுத்தோம்?

மருமகள்: அத்தை, மெதுவா…

அத்தை: சரி சரி. அந்தப் பொண்ணு யாரு? ஏன் கையைப் பிசைஞ்சுகிட்டு நிக்கிறா?

மருமகள்: இங்கிலீஷ் படிக்க வந்தவ. வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு சொல்லச் சொல்றாங்க டீச்சர்.

அத்தை: இதுக்கு ஏன் இத்தனை சிரிப்பு?

மருமகள்: மாமியாருக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல. வீட்டுக்காரருக்கு மேலதிகாரின்னு சொல்லிட்டா.

அத்தை: சரியாத்தானே சொல்லியிருக்கா!

மருமகள்: ஷ்ஷ்…

அத்தை: எவ்வளவு பேர் சிரிக்கிறாங்க பாரு. ஒருத்தி எழுதின ஒரு வரிக்கு… இந்தக் கூடமே குலுங்குதே!

மருமகள்: ஆமா அத்தை… குலுங்குது.

அத்தை: உன் கை ஏன் இப்படி ஐஸா இருக்கு?

மருமகள்: ஏசி.

அத்தை: ம்… ஏசிதான்… இப்போ ஏன் சத்தத்தையே காணோம்? இஸ்ஸு, வாஸுன்னு மாத்தி மாத்தி என்னவோ சொல்லிக்கறாங்க. சண்டையா?

மருமகள்: சண்டை இல்ல. இலக்கணம்.

அத்தை: இலக்கணத்துக்கா மூக்கை உறிஞ்சறாங்க எல்லாரும்?

மருமகள்: அவ… புருஷனைப் பத்திச் சொல்றா. இஸ்ஸுன்னா இருக்கார். வாஸுன்னா இருந்தார். அவர் இறந்துட்டாருன்னு அவளே சொன்னா. அதனால, வாஸ்னு சொல்லும்மான்னு டீச்சர் திருத்தறாங்க. அவ திரும்பவும் இஸ்ஸுனே சொல்றா.

அத்தை: தெரியாமலா?

மருமகள்: தெரிஞ்சேதான். அத்தை… தண்ணி குடிக்கறீங்களா?

அத்தை: வேணாம். நம்ம வீட்டுல மட்டும் யாரு அந்த வார்த்தையைச் சொன்னோம்… விடு. அங்க பாரு, யாரோ வர்றாங்க.

மருமகள்: அவர்தான். அவ நினைப்புல வர்றார்.

அத்தை: தோள்ல என்ன, லிஃப்ட் மெக்கானிக் பையா?

மருமகள்: ஏதோ ஒரு பை. எல்லா மெக்கானிக்கும்தான் பை மாட்டறாங்க.

அத்தை: நான் ஒண்ணும் கேக்கலியே.

மருமகள்: அத்தை… அத்தை, அவர் இடது தோளைப் பாருங்க. சாஞ்சு…

அத்தை: பாத்தேன்.

மருமகள்: ஷூ கயிறை அவுக்காம… ஒரு கால் நுனியால இன்னொரு ஷூவைக் கழட்டி…

அத்தை: பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

மருமகள்: தொட்டில்கிட்ட போறார். ஐயோ… விரலை மோந்து பாக்கறார் அத்தை! கிரீஸ் வாசனை போயிடுச்சான்னு… பாப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி இப்படித்தானே… எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. இதை நான் எழுதவே இல்லியே!

அத்தை: யாரு எழுதல?

முன்சீட்டுக்காரர்: கொஞ்சம் மெதுவா பேசுங்களேன், ப்ளீஸ்.

மருமகள்: வர்றார், உட்கார்றார். அவ்வளவுதான் எழுதினேன். ஒத்திகை பாக்கக்கூட எனக்குத் தைரியம் வரல. அவரை இந்த நடிகர் பாத்ததுகூட இல்ல… எப்படி அத்தை? எங்கேருந்து வந்தது இது?

அத்தை: அழாதே. அழுதா கண்ணை மறைச்சுடும். அப்புறம் போயிடுவான். பாரு… நல்லா பாத்துக்கோ.

மருமகள்: நடக்கறார் அத்தை.

அத்தை: ஆமாடி. நடக்கறான்.

மருமகள்: திரை மூடுது அத்தை… என் மேல கோபமா? சொல்லாம மறைச்சுட்டேன்னு…

அத்தை: எதுக்கு மறைச்ச?

மருமகள்: தமிழ்ல எழுத உட்கார்ந்தா அழுகைதான் வந்தது. இங்கிலீஷ்ல வார்த்தை கொஞ்சம்தானே தெரியும்… ஒவ்வொண்ணா தேடித் தேடி வைக்கணும். அந்தத் தேடற நேரத்துல அழாம இருக்க முடிஞ்சுது. எழுதி முடிச்சா… இது என்னதுதானான்னு எனக்கே நம்ப முடியல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…

அத்தை: கேளு. கை தட்டறாங்க. எல்லாரும் எழுந்துட்டாங்கடி! உங்க டீச்சர் மைக்குல உன்னைத்தானே கூப்பிடறாங்க?

மருமகள்: நான் போகல. என்னால முடியாது.

அத்தை: மூட்டைக்குப் பின்னாடி ஒளிய இங்க மூட்டை இல்ல. எந்திரி. என் பையைக் குடு… போ. நிமிர்ந்து போ.

முன்சீட்டுக்காரர்: ஏம்மா… இவங்களா எழுதினவங்க? உங்க பொண்ணா?

அத்தை: மருமக. நான்தான் அந்த மேலதிகாரி.

முன்சீட்டுக்காரர்: அடடா… தெரியாம வாயை மூடச் சொல்லிட்டேனே!

அத்தை: அதை விடுங்க தம்பி. எனக்கு இங்கிலீஷ் வராது. என்ன பேசறா, சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம.

முன்சீட்டுக்காரர்: வணக்கம் சொன்னாங்க… ஃபோன்ல ஹலோ சொல்லவே பயந்தவங்களாம்…

அத்தை: அது எனக்குத் தெரியும். அடுத்து?

முன்சீட்டுக்காரர்: வகுப்புல எல்லாரும் வேலைக்காக இங்கிலீஷ் படிச்சாங்களாம். இவங்களும் அதுக்குத்தான் வந்தாங்களாம். ஆனா புதுசா ஒரு பாஷையில வாயைத் திறந்தப்போ, தனக்குள்ள இன்னொருத்தி உட்கார்ந்து கதை சொல்லிக்கிட்டு இருந்தது தெரிஞ்சுதாம்.

அத்தை: இப்படியா சொல்றா? தடுமாறாமலா?

முன்சீட்டுக்காரர்: தடுமாறறாங்க. ஆனா நிறுத்தல. பாருங்க, ஒருத்தர்கூட அசையல.

அத்தை: எங்க வீட்டுலதான் இருக்கா இவ… ஒரே சமையல்கட்டுல தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிறோம். இன்னிக்குத்தான் தம்பி நான் இவளைப் பாக்கறேன்.

முன்சீட்டுக்காரர்: இருங்க… அந்த நடிகரைப் பத்திச் சொல்றாங்க. தன் வீட்டுக்காரர் நடையை எழுத எந்த பாஷையிலயும் வார்த்தை கிடைக்கலியாம். அந்த நடிகர் அவரைப் பாக்காமலே தானா கண்டுபிடிச்சுட்டாராம். அது எப்படின்னு தெரியல, கையெடுத்துக் கும்பிடறேன்னு… அழறாங்கம்மா.

அத்தை: தானா கண்டுபிடிச்சாராமா? சரிதான்… வரட்டும்.

முன்சீட்டுக்காரர்: இதோ, வந்துட்டாங்க. உள்ள வாங்கம்மா, வழி விடறேன்.

மருமகள்: அத்தை… பேசிட்டேன். நல்லாயிருந்துதா?

அத்தை: நல்லாத்தான் இருந்தது. ஆனா இத்தனை பேர் முன்னாடி ஒரு பொய் சொல்லிட்டு வந்திருக்க.

மருமகள்: பொய்யா? நானா?

அத்தை: அந்தத் தம்பி தானா கண்டுபிடிச்சாருன்னியாமே.

மருமகள்: பின்ன எப்படி?

அத்தை: நீ வேலைக்குப் போயிருந்தப்போ உங்க டீச்சர் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உங்க பையன் எப்படிம்மா நடப்பார்னு கேட்டாங்க. சொல்லிப் பாத்தேன்… எனக்குத் தமிழ்லயே வரலடி. அப்புறம் பரண்லேருந்து அவன் ஷூவை எடுத்து மாட்டிக்கிட்டு, வாசல்லேருந்து தொட்டில் வரைக்கும் நானே நடந்து காட்டினேன். அவன் போனதுக்கு அப்புறம் நம்ம வீட்டுல அந்தச் சத்தம் கேட்டது அன்னிக்குத்தான்.