கவர்னர் தொப்பியும் மாடி வீட்டு வைஃபையும்

பெயர்: அபி. வயது: 18. தந்தை பெயர்: நெடுமாறன். தொழில்: கல்லூரியில் கணிதம், முதலாண்டு. முகவரி: ரெட்டியார்பாளையம், விழுப்புரம் சாலையை ஒட்டிய சந்து, மாடி வீட்டின் கீழ்ப்பகுதி.

யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து, என் தாயார் வேம்பு முன்னிலையில் சொல்வது என்னவென்றால்:

எங்கள் வீட்டு மாடியில் தாவரவியல் பேராசிரியை சுரையா குடியிருக்கிறார். பதினோரு வருடமாக இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் சம்பளமில்லாத் தொகுப்பாளராகவும் இருக்கிறார். அதில் யாரும் எழுதலாம். தப்பாக எழுதினால் இவரைப் போன்றவர்கள் திருத்துவார்கள். ஒருமுறை என்னோடு கோரிமேடு பஸ்ஸில் நின்றபடியே, யாரோ தப்பாகப் போட்ட ஆண்டு ஒன்றைப் போனில் திருத்திக்கொண்டிருந்தார். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் வெயிலில் நடந்து திரும்பினோம். என் பரீட்சைக்காகத் தன் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். படிப்பு நீங்கலாக எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டது.

கடந்த நவம்பரில், என் வகுப்புத் தோழன் வைத்திக்குப்பம் அஜித், தன் கொள்ளுத்தாத்தா உத்திராபதி பெரிய ஆள் என்று நாள் முழுக்க அளந்தான். அவனை ஓட்டுவதற்காக, கலைக்களஞ்சியத்தின் வைத்திக்குப்பம் பக்கத்தில், பெயர் பதியாமல், கடலில் விழுந்த பிரெஞ்சு கவர்னரின் தொப்பியை உத்திராபதி நீந்திப் போய் மீட்டதாகவும், அதற்காக பிரெஞ்சு தேசிய நாளான ஒவ்வொரு சூலை பதினாலும் அவருக்குச் சூடான ரொட்டியும் வெண்ணெயும் வந்ததாகவும் எழுதினேன். மாலையே சொல்லிச் சிரிப்பது திட்டம். அதற்குள் அவன் தந்தை ராமலிங்கம் அதைப் படித்து அழுதுவிட்டாராம். அதன் பிறகு எனக்கு வாய் வரவில்லை. மாசி மகத்துக்கு ‘தொப்பி மீட்ட உத்திராபதி’ என்று பேனரே வந்தது.

அதன் பிறகு அந்தப் பக்கம் சுரையா மேடம் கண்ணில் பட்டது. அவர் உடனே அழிக்கவில்லை. ‘சான்று தேவை’ என்று குறித்துவிட்டு, மூன்று சனிக்கிழமை நூலகத்தில் பழைய பிரெஞ்சு அரசிதழ்களைப் படித்தார். வைத்திக்குப்பத்துக்கே போய்ப் பெரியவர்களிடமும் கேட்டார். தொப்பி எங்கும் கிடைக்காததால் நீக்கினார்.

அதன் பிறகு ராமலிங்கம் வீட்டார், அதை எழுதிய இணைப்பின் எண்ணைப் பக்கத்தின் வரலாற்றில் பார்த்து, அது யார் வீட்டு இணைப்பு என்று கேபிள்காரர் மூலம் விசாரித்திருக்கிறார்கள். மேடம் வீடு என்று வந்தது. தங்களைக் கேலி செய்யத் தானே எழுதித் தானே அழித்தார் என்று இங்கே புகார் கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று அவர் வேலை பார்க்கும் கல்லூரியும் அவருக்குக் கடிதம் அனுப்பியது. ‘நான் எழுதவில்லை, எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டேன்’ என்பதற்கு மேல் அவர் இங்கே எதுவும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

நேற்று மாலை மாடிக்குப் போனேன்.

“மேடம், யார்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தொப்பிக்கு ஒரு வரி, ரொட்டிக்கு மூணு வரி. இந்த வீட்ல அவ்ளோ பசியோட எழுதுறது யாரு?”

“அப்ப ஏன் மேடம் சொல்லல? வேலையே போயிடும் போலிருக்கு.”

“பேர் போடாம எழுதுனவங்க பேரை நாங்க வெளியே சொல்றதில்ல அபி. புடிச்ச ஆளுக்கு ஒரு விதி, புடிக்காத ஆளுக்கு ஒரு விதி கிடையாது.”

“நானே ஸ்டேஷன்ல போய் சொல்லிடறேன்.”

“உன் பேரு. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்” என்றவர், லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். தொப்பி இருந்த இடத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: 1936ஆம் ஆண்டுத் துறைமுகப் படகோட்டிகள் பட்டியலில் வைத்திக்குப்பம் உத்திராபதியின் பெயர் உள்ளது. கீழே சான்றும் இருந்தது. தொப்பியைத் தேடிய அதே சனிக்கிழமைகளில் கிடைத்ததாம்.

இன்று காலை அதைத் தாளில் எழுதிக்கொண்டு வைத்திக்குப்பம் போய், ராமலிங்கத்திடம் நடந்ததைச் சொன்னேன். படகடியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார்.

“தொப்பி இல்லியா?”

“இல்ல மாமா. நான் வுட்ட கதை.”

“படகு இருக்குதுல்ல” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அஜித் என்னைத் திட்டியதை எழுத வேண்டாம் என்று எழுத்தர் அய்யா சொல்லிவிட்டார்.

சுரையா மேடத்துக்கு இதில் பங்கு, இல்லாத தொப்பியைத் தேடியது மட்டுமே. மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நான் செய்தது, நடந்தது நடந்தபடி. சான்று: நானே. இந்த முறை பெயர் பதிந்து எழுதுகிறேன்.

(கையொப்பம்)
நெ. அபி