நட்டு இல்லாத மூட்டு

இங்க ஸ்டேஷன் மாடி ஏறி வர்ற வழியில கைப்பிடி லேசா ஆடுது ஐயா. பெரிசா ஒண்ணும் இல்லை, அடித்தூண்ல நட்டு தளர்ந்திருக்கு. ஒரு ஸ்பேனர் இருந்தாக் கொடுங்க, ரெண்டு முறுக்கு முறுக்கி விட்டுடறேன். வயசானவங்க வந்து போற இடம், யாராவது நம்பிப் பிடிச்சு விழுந்து வைக்கப் போறாங்க.

வேண்டாமா, சரி. உட்கார்ந்தே சொல்றேன். போன வாரம் என் அண்ணன் அந்தப் புது வீட்டு மேல்மாடியிலேருந்து விழுந்து செத்தப்போ உங்ககிட்ட நான் சொன்னதுல ஒரு திருத்தம் இருக்கு. யாரும் என்னைக் கூப்பிடலை. நானாத்தான் வந்திருக்கேன். எழுதறவரை மட்டும் நான் சொல்றதை மாத்தாம எழுதச் சொல்லுங்க. கதையை மாத்தினா எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நாங்க ரெண்டு பேரும் தச்சருங்க. மரப் படிக்கட்டு, அதுக்குக் கைப்பிடி, இதுதான் எங்க தொழில். பட்டறை ஒண்ணுதான். ஆனா அதுல அவருக்கு வாய், எனக்குக் கை. வீட்டுக்காரங்ககிட்டப் பேசறது, சிரிக்கறது, மரத்தைத் தடவிக்கிட்டே கதை விடறது எல்லாம் அவரு. அறுக்கறது, இழைக்கறது, மாட்டறது நான். இதுல எனக்கு வருத்தமே இல்லை. எனக்குப் பேச வராது. வாயில விரலை வச்சாக் கூடக் கடிக்கத் தெரியாதவன்னு எங்கம்மா சொல்லும்.

விரல்னதும் என் கையைப் பாக்கறீங்க. பாருங்க, தப்பில்லை. இடது கையில மூணுதான் மிச்சம். மத்த ரெண்டும் அறுப்பு மெஷின்ல போச்சு. அந்த மெஷின் பிளேடுக்கு மேல ஒரு இரும்பு மூடி உண்டு. கை உள்ள போகாம அது தடுக்கும். தடிப் பலகையை அறுக்கறப்போ மூடி இடிக்கும், வேலை மெதுவாத்தான் நடக்கும். அன்னிக்கு அண்ணனுக்கு அவசரம். மூடியைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, அறுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாரு. "அண்ணே, மூடி?"ன்னேன். "ஒரு பலகைதானேடா, சும்மா தள்ளு"ன்னாரு. தள்ளினேன். பலகையில ஒரு கணு இருந்துச்சு. மரம் எகிறிடுச்சு.

என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிட்டு அவரு செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? மூடியைத் திரும்ப மாட்டினாரு. வந்து பாத்தவங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி, மூடி இருக்கிற மெஷின்ல எப்படிக் கை போச்சு? அண்ணன் உச்சுக் கொட்டிட்டுச் சொன்னாராம், "வேலை பாத்துக்கிட்டே தூங்கிட்டான், பாவம்." மெஷின் முழுக்க ரத்தம். மூடியில மட்டும் ஒரு சொட்டு இல்லை. அதை ஒருத்தன் கவனிச்சிருந்தாப் போதும். எவனும் கவனிக்கலை.

நான் மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கறதுக்குள்ள கதை ஊர் சுத்தி வந்துடுச்சு. உடனே உண்மையைச் சொன்னேன், வலியில உளர்றான்னாங்க. அப்புறம் சொன்னேன், தன் தப்பை மறைக்க அண்ணன் மேல போடறான்னாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது அவரு, திருட்டு முழி முழிச்சது நான். அன்னையிலேருந்து எனக்குப் பேரு கொட்டாவி. ஆணி வாங்கப் போனாக் கூட, "வா கொட்டாவி, நல்லாத் தூங்கினியா?"ன்னுதான் கேப்பாங்க. அண்ணன் அதையே ஒரு ஜோக்காக்கி வச்சுட்டாரு. ஒவ்வொரு வீட்லயும் வேலை முடிஞ்சு ஒப்படைக்கறப்போ எடுத்து விடுவாரு. "என் தம்பிக்கு ரெண்டு விரல் கம்மி, ஆனா தூக்கத்துக்குக் குறைச்சலே இல்லை." எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சு வைப்பேன். பழகிடும்னு விட்டேன்.

பழக முடியாதது ஒண்ணு நடந்துச்சு. என் மகளுக்குப் பிள்ளை பிறந்தான். எனக்கு ஒரே மக. குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னிக்கு நான் கையைக் கழுவி, சட்டையை மாத்திக்கிட்டு, நாற்காலியில நல்லாச் சாய்ஞ்சு உட்கார்ந்து கையை நீட்டினேன். அவ தயங்கினா. "அப்பா, நீங்க உட்கார்ந்த இடத்துலயே அசந்துடுவீங்க. அம்மாகிட்டக் கொடுக்கறேன், நீங்க பக்கத்துல இருந்து பாருங்க"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அவ கேட்டு வளர்ந்த கதை அது, அவளைச் சொல்லிக் குத்தமில்லை. நீட்டின கையை மடக்கி மடியில வச்சுக்கிட்டேன். இன்னை வரைக்கும் என் பேரனை நான் தூக்கினதில்லை ஐயா.

மறுநாள் அண்ணன்கிட்டப் போய் நின்னேன். "அண்ணே, ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். மூடியைக் கழட்டினது நீங்கதான்னு என் மககிட்ட மட்டும் ஒரு தடவை சொல்லிடுங்க"ன்னேன். அவரு பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டே சிரிச்சாரு. "பழைய குப்பையை இப்ப எதுக்குடா கிளறறே? பெரியப்பா மேல அந்தப் பொண்ணுக்கு இருக்கிற மரியாதை போகணுமா?" கேட்டீங்களா, அவரோட மரியாதை போயிடுமாம். நான் விடலை. திரும்பத் திரும்பக் கேட்டேன். கெஞ்சினேன்னே எழுதிக்கோங்க. கடைசியில, "நீ தூங்கலைன்னு உனக்குத் தெரியுமில்லடா, அது போதாதா?"ன்னு தோள்ல தட்டிட்டுப் போயிட்டாரு. நாக்குல நரம்பில்லாமப் பேசினதைக் கூடப் பொறுத்துக்கலாம். அந்தத் தட்டுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அந்தப் புது வீட்டு வேலை அப்பதான் முடியற கட்டத்துல இருந்துச்சு. மேல்மாடியில படி முடியற இடத்துல ஒரு பெரிய தூண். அதுலேருந்து எதிர்ச்சுவர் வரைக்கும், கீழ்த்தளம் தெரியற திறப்பை ஒட்டி ஒரு கைப்பிடி ஓடும். நடுவுல நிக்கிற சின்னக் கம்புகளெல்லாம் அழகுக்குத்தான், எடையைத் தாங்கறது ரெண்டு முனையும்தான். கைப்பிடியைத் தூணோட சேர்க்கறதுக்கு ஒரு நீள போல்ட் உண்டு. பாதி தூணுக்குள்ள போகும், பாதி கைப்பிடி முனைக்குள்ள போகும். கைப்பிடிக்கு அடியில ஒரு துளை போட்டு, அது வழியா நட்டை விட்டு, விரல் நுனியால பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ரெண்டு மரமும் ஒரு மயிரிழை இடைவெளி கூட இல்லாமக் கவ்விக்கும். அப்புறம் அதே மரத்துல ஒரு தக்கை செஞ்சு துளையை அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பாலிஷ் அடிச்சுட்டா முடிஞ்சுது. உள்ள நட்டு இருக்கா இல்லையான்னு கடவுளே வந்தாலும் தக்கையை உடைச்சுத்தான் பாக்கணும்.

நான் அதுல நட்டைப் போடலை. கொஞ்சமாப் பசை தடவி, போல்ட் மேல கைப்பிடியைச் சொருகி, துளையை அடைச்சுட்டேன். கையால ஆட்டிப் பாத்தாத் தெரியாது, பசை பிடிச்சிருக்கும். ஆள் எடை விழுந்தாத்தான் கழண்டுக்கும். தக்கையை மட்டும் ரொம்ப நேரம் தேய்ச்சேன். வேலைன்னு வந்துட்டா எனக்கு அரைகுறையாச் செய்ய வராது.

ஆள் எடை விழும்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. எங்க தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒப்படைக்கிற அன்னிக்கு அண்ணன் மேல ஏறிப் போய், வீட்டுக்காரங்க பாக்க, திறப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் கைப்பிடி மேல உட்காருவாரு. தூணை ஒட்டித்தான் உட்காருவாரு. கையைக் கட்டிக்கிட்டு ரெண்டு காலையும் தரையை விட்டுத் தூக்குவாரு. "இந்த உடம்பைத் தாங்கினா எந்த உடம்பையும் தாங்கும்"பாரு. பாக்கறவங்க கை தட்டுவாங்க. நான் செஞ்ச மூட்டுக்கு அவரு வாங்கற கைதட்டல் அது. நான் ஓரமா நிப்பேன்.

கொல்லணும்னு நான் நினைக்கலை ஐயா. அவரு உட்காரப் போறப்போ கைப்பிடி ஒரு ஆட்டம் ஆடணும், அவரு பதறிக் குதிக்கணும், வீட்டுக்காரங்க முகம் சுளிக்கணும், அவ்வளவுதான். வாழ்க்கையில ஒரு தடவையாவது அவரைப் பாத்து நாலு பேர் சிரிக்கணும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா ஒப்படைக்கிற அன்னிக்குக் காலையில எல்லாருக்கும் முன்னாடி போய், கீழ, அந்தக் கைப்பிடிக்கு நேரா அடுக்கியிருந்த மரத்தூள் மூட்டைகளை ஒவ்வொண்ணாத் தூக்கி வெளியில போட்டேன். தரையைத் துடைச்சும் விட்டேன். வீட்டை ஒப்படைக்கிறப்போ சுத்தமா இருக்கணும் இல்லையா. நல்ல கல் தரை, முகம் பாக்கலாம்.

வீட்டுக்கார அம்மா தனியாத்தான் வந்தாங்க. அதிகம் பேசாதவங்க, எதையும் தொட்டுப் பாத்து வாங்கற ரகம். மூணு பேரும் மேல நின்னோம். அண்ணன் கைப்பிடியைத் தடவிக்கிட்டே வழக்கமான ஜோக்கை எடுத்து விட்டாரு. அந்த அம்மா சிரிக்கலை. என் கையைப் பாத்தாங்க, அப்புறம் அவரைப் பாத்தாங்க. "அந்த மெஷினுக்கு மூடின்னு ஒண்ணு இருக்குமே, அது என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

சும்மா தெரிஞ்சுக்கற மாதிரிதான் கேட்டாங்க. அண்ணன் முகத்துலேருந்து அந்தச் சிரிப்பு போயிடுச்சு. அவரை அப்படி நான் பாத்ததே இல்லை. தரையைப் பாத்துக்கிட்டே, "நான்தாம்மா கழட்டினேன்"ன்னாரு. "இவன் தூங்கலை. மூடி இல்லையேன்னு கேக்கத்தான் செஞ்சான். நான்தான் தள்ளுன்னேன். பயத்துல பழியை இவன் மேல போட்டுட்டேன். போட்டது போட்டபடி நின்னுடுச்சு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு வந்து உன் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்டா"ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு, அதையும் எழுதிக்கோங்க, எனக்கு ஓரவஞ்சனை கிடையாது. பிறகு அவருக்கே கூச்சமாயிடுச்சு போல. மூக்கை உறிஞ்சிட்டு, பழைய சிரிப்பை வரவழைச்சுக்கிட்டு, "சரி, அது கிடக்குது, இதைப் பாருங்கம்மா"ன்னு கைப்பிடிக்கு முதுகைத் திருப்பினாரு.

"அண்ணே, இருங்க." இவ்வளவுதான் நான் சொல்லியிருக்கணும். நேரம் இருந்துச்சு. பருத்த ஆளு, பொறுமையாத்தான் உட்காருவாரு. பேன்ட்டை மேல இழுத்துக்கிட்டாரு, தூணை ஒரு தட்டுத் தட்டினாரு, ஒரு பக்கமா ஏறினாரு. கையை நீட்டினா எட்டற தூரத்துலதான் நான் நின்னேன். நீட்டலை.

அதிர்ச்சியில உறைஞ்சு போயிட்டேன்னு எழுதிடாதீங்க. உறையலை. கோபம். அந்த மாதிரி ஒரு கோபம் என் ஆயுசுல வந்ததில்லை. நான் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காதது, முன்ன பின்ன தெரியாத ஒருத்தங்க ஒரே ஒரு கேள்வி கேட்டதும் கிடைச்சுடுச்சு. இவ்வளவு சுலபமாடா இது உனக்கு? இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவா இத்தனை வருஷம் என்னைக் கொட்டாவியா வச்சிருந்தே? அவரை டா போட்டு நான் நினைச்சது அதுதான் முதல் தடவை. நினைச்சு முடிக்கறதுக்குள்ள அவரு காலைத் தூக்கிட்டாரு.

மூட்டு கழண்டப்போ பெரிய சத்தமெல்லாம் வரலை. கம்புகள்தான் சடசடன்னு பிடுங்கிக்கிட்டு வந்துச்சு. அவரு என்னைப் பாத்துக்கிட்டேதான் போனாரு.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நீங்க கேட்டப்போ, "மாட்டினது அண்ணன்தான், அவசரத்துல நட்டை மறந்திருப்பாரு, பாவம்"ன்னேன். யோசிச்சுச் சொல்லலை, தானா வந்துச்சு. எல்லாரும் நம்பினாங்க. அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவரு அஜாக்கிரதையால உங்களுக்கும் கெட்ட பேரு, மன்னிச்சுடுங்க தம்பி"ன்னு அழுதாங்க. பரவாயில்லை அண்ணின்னேன்.

அந்த வீட்டுக்கார அம்மா, அண்ணன் கடைசியாச் சொன்னதை யாருக்காவது சொல்லியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். விழுந்ததைப் பாத்த அதிர்ச்சியில முன்னாடி என்ன பேசினோம்னே நினைவில்லைங்கறாங்க. அவரும் போயிட்டாரு. இனி நான் ஒருத்தன்தான் சொல்லணும். வெறுங்கையோட போய்ச் சொன்னா, செத்தவர் மேல பழி போடறான்னு காறித் துப்புவாங்க. ஆனா கொலையை ஒத்துக்கிறவன் சொல்றதை நம்பித்தானே ஆகணும்? அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?

அதனால வரிசையா எழுதுங்க ஐயா. மூடியைக் கழட்டினது அண்ணன், அது முதல்ல வரட்டும். என்னோடதை அதுக்குக் கீழ போட்டாப் போதும். எழுதி முடிச்சதும் என் மகளைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுங்க. அன்னிக்கும் அப்பா தூங்கலை, இப்பவும் தூங்கலை, ரெண்டு தடவையும் நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாருன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க. இனிமே பயப்படாம என் கையில கொடுப்பா.