சாம்பல் நிற வண்டியின் பிரேக்

எந்த வண்டியை வாங்கலாம் என்று கேட்டீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் என் வாக்குமூலத்தில் விபத்து என்று எழுதி, கையெழுத்தும் வாங்கி, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிய பிறகு கேட்டீர்கள். "என் தம்பி இந்த மாதிரி ரெண்டு கதவு கரண்ட் வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் சார். நீங்க ஓட்டிப் பார்த்த ரெண்டு வண்டில சிவப்பா, சாம்பலா? சுருக்கமா ஒரு வரில சொல்லுங்களேன்."

எழுந்து நின்றவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அந்தச் 'சுருக்கமா' இல்லாதிருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பேன், இன்ஸ்பெக்டர். இனி நான் சொல்வதை நீங்கள் முழுசாகக் கேட்க வேண்டும். அது உங்கள் தம்பிக்கும் நல்லது.

இரண்டுமே பணக்கார விளையாட்டு. கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் பின் சீட்டில் உட்காருகிறவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு வண்டி காலை வைத்ததும் பாயும். ஆனால் இரண்டு மூன்று முறை அப்படிப் பாய்ந்தால் சூடேறி முரண்டு பிடிக்கும். பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். சாம்பல் வண்டிக்கு எடை அதிகம். புறப்படும்போது ஒரு கண்ணிமை நேரம் பின்தங்கும், அப்புறம் சாலையோடு ஒட்டிக்கொண்டு போகும். சீட்டு அருமை. நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காது. என்னைக் கேட்டால் சாம்பல்தான். ஆனால் அதன் பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்காக வண்டிகளை ஒப்பிட்டு வீடியோ போடுவது எங்கள் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஓட்டிப் பார்ப்பேன், அளப்பேன், எழுதுவேன். கேமரா முன்னால் நிற்பது என் தங்கை புருஷன். மாப்பிள்ளைக்கு முகம் இருந்தது, சிரிப்பு இருந்தது, நான்தான் கூட்டி வந்தேன். நான் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பதில் கடைசி வரியை மட்டும் படிப்பார். மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது. ஒருமுறை ஒரு வண்டியின் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள் தாராளமாகப் போகும் என்று சொல்லிவிட்டார். ஒன்றே போகாது என்று எழுதியிருந்தேன். வாங்கி ஏமாந்தவர்கள் போன் போட்டுத் திட்டியது என்னை. அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறவருக்கு எத்தனை தரம் சொன்னால் என்ன? வயிறு எரியும், இன்ஸ்பெக்டர். உங்களுக்குத் தெரியாது.

பிரேக்குக்கு வருகிறேன். இந்த மாதிரி வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில் பிறக்கும் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். பேட்டரி வழிய வழிய நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை, அதனால் இழுப்பும் இல்லை. சிவப்பு வண்டியில் அந்த நேரம் சாதாரண பிரேக் உடனே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். சாம்பலில் பெடலின் முதல் பாதி வெற்றாகப் போகும். அதற்குக் கீழேதான் நிஜ பிரேக் இருக்கிறது. காலை எடுக்காமல் கடைசி வரை மிதித்தால் வண்டி கப்பென்று நிற்கும். ஆனால் பயந்த மனுஷன் என்ன செய்வான்? விட்டு விட்டு மிதிப்பான். ஒவ்வொரு தரமும் வெற்றுப் பாதிதான் கிடைக்கும். ஒரு காலி மைதானத்தில் இதைக் கண்டுபிடிப்பதற்குள் நானே வேலியில் மோதப் பார்த்தேன்.

உட்கார்ந்து விளக்கமாக எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அது. மாப்பிள்ளை பக்கங்களைப் புரட்டிக் கூடப் பார்க்கவில்லை.

"வாங்குறவனை பயமுறுத்தவா மச்சான் வீடியோ போடுறோம்? எது வேகம், எது கெத்து, அவ்வளவுதான் அவனுக்கு வேணும்."

"உயிர் போற விஷயம் மாப்பிள்ளை. நீங்களும் அதைத்தான் ஓட்டப் போறீங்க."

"சரி, சுருக்கமா சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே போனை எடுத்துவிட்டார். பேசி முடித்ததும் வண்டி மேல் காக்கை எச்சம் போட்டிருப்பதைப் பார்த்தார். என் காகிதங்களைக் கசக்கி அதைத் துடைத்தார். கோபப்பட்டு அல்ல. கையில் வேறு துணி இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மலைச்சாலையில் படப்பிடிப்பு. புறப்படும்போது தங்கை அவருடைய கறுப்புக் கண்ணாடியைக் கொடுக்க வந்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, மலை ரோடுங்கறார். வண்டி நல்லா இருக்குல்ல?"

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்கேன்மா."

"நீ எழுதுனதை அவர் என்னைக்குப் படிச்சார்? வாயால சொல்லுண்ணா. கொஞ்சம் பொறுமையா."

"வயர்லெஸ்ல கூடவே இருப்பேன். நீ கவலைப்படாதே."

கவலைப்படாமல் உள்ளே போனாள். என் வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கிற ஒரே ஆள் அவள்தான்.

மலை உச்சி விடுதியில் சாம்பல் வண்டிக்குச் சார்ஜ் போட்டோம். வழக்கமாக எண்பது சதவீதம் வந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுவோம். அதற்கு மேல் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். அன்றைக்கு நான் பிடுங்கவில்லை. டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். நூறு ஆனதும் ஒயரைச் சுருட்டி வைத்தேன். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஃபுல்லா நிக்குதே மச்சான், கலக்கிட்ட" என்று தோளில் தட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை மலையிறக்கத்தில் விட்டார்.

நீங்கள் விசாரித்த கேமராக்காரர் மலையடியில் இருந்தார். வயர்லெஸ் அவரிடம் இல்லை. இருந்த இரண்டில் ஒன்று மாப்பிள்ளையிடம், ஒன்று என் கையில்.

இரண்டு வளைவு தாண்டியதும் குரல் வந்தது. "மச்சான், பிரேக் பிடிக்கலை."

பதில் சொல்லாமல் கொஞ்சம் காத்திருந்தேன். அவர் பேசி முடிக்கட்டும் என்றுதான். நடுவில் குறுக்கிடுவது எனக்குப் பிடிக்காது.

"மிதிக்க மிதிக்க உள்ள போகுது மச்சான். என்ன செய்யறது? சொல்லு மச்சான்."

காலை எடுக்காமல் கடைசி வரை மிதி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். அவருக்கு எப்போதும் வேண்டியிருந்ததும் அதுதான், ஒற்றை வரி. பொத்தானை அழுத்தினேன்.

"சுருக்கமா சொல்லணுமா மாப்பிள்ளை, விளக்கமா சொல்லணுமா?"

"எப்படியாவது சொல்லு மச்சான்."

அவரே அனுமதி கொடுத்துவிட்டார். முதலிலிருந்து ஆரம்பித்தேன். காலை எடுத்தால் மோட்டார் ஏன் இழுக்கிறது, அந்தக் கரண்ட் எங்கே போகிறது, பேட்டரி நிறைந்திருந்தால் என்ன ஆகும். அவசரப்படாமல், தங்கை கேட்டுக்கொண்டபடி பொறுமையாகத்தான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளை நான் பேசியதைப் போனைப் பார்க்காமல், கொட்டாவி விடாமல் கேட்டது அன்றைக்குத்தான் என்று நம்புகிறேன். நான் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருந்ததால் அவர் இடையில் ஏதாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. சிவப்பு வண்டியோடு ஒப்பிடும் இடத்துக்கு வந்திருந்தேன். கீழே சத்தம் கேட்டது. பெடலின் வெற்றுப் பாதியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் எடுத்த பேச்சை முடித்துவிட்டுத்தான் பொத்தானை விட்டேன்.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கடைசில வயர்லெஸ்ல என்னண்ணா பேசுனார்?"

"நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டிருந்தார்மா" என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீயாவது கூட இருந்தாயே என்றாள்.

கருமாதி முடிந்ததும் பிரேக்கைப் பற்றி எழுதியதை ஒரு வரி குறைக்காமல் சேனலில் போட்டேன். எத்தனை பேர் படித்தார்கள் தெரியுமா? கடைசி வரை படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள், புத்திசாலித்தனமான கேள்விகள். எங்கள் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். மாப்பிள்ளை இருந்திருந்தால் ஒருத்தன் கூட அதைப் படித்திருக்க மாட்டான். இதை யோசித்துப் பார்த்தால் நான் செய்ததில் நியாயம் இருப்பது உங்களுக்கே தெரியும்.

பேனா இன்னும் உங்கள் பையிலேயே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். விபத்து என்ற சொல்லை அடித்துவிட்டு, கொலை என்று போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் நான் சொன்ன விளக்கம் ஒன்று விடாமல் இருக்க வேண்டும்.

உங்கள் தம்பியைச் சாம்பல் வண்டியையே வாங்கச் சொல்லுங்கள். அந்த பிரேக்கில் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்து பொறுமையாக எடுத்துச் சொல்ல என்னைப் போல ஒரு ஆள் இருந்தால் போதும்.