சுவரோட சுவரா ஒரு கதவு

அட, இந்தப் பிரைமரு வேணாம் தம்பி, இதத்தான் ரெண்டு வாட்டி அடிச்சுப் பாத்தாச்சே. போன வாரம் இங்க இருந்தாரே கண்ணாடி போட்டவரு, அவரும் இதையேதான் எடுத்துக் குடுத்தாரு. எல்லா மரத்துக்கும் ஆகும்னாரு. என்னத்த ஆச்சு? அடிச்சு முடிக்கையில பளிச்சுன்னு இருந்துச்சு. காலையில காபியோட வந்து பாக்குறேன், கதவு பூரா ரோஸ் ரோஸா திட்டு. வயித்தெரிச்சலாப் போச்சு.

என்ன மரமா? ஓக் மரம். வாசக் கதவு. மேல மகாகனிச் சாயம், அடர் செவப்பு. நாப்பது வருசமா ஊறிக் கெடக்கு சனியன். எத்தன கை பூசுனாலும் கசிஞ்சு கசிஞ்சு வெளிய வருது.

இந்தா, இந்தச் சில்லப் பாருங்க. சுவத்துலருந்து பேத்து எடுத்துட்டு வந்தேன். இதே நெறம் கலந்து குடுங்க, ஒரு பொட்டு மாறக் கூடாது. ஆமா, சுவருக்கில்ல, கதவுக்குத்தான். சிரிக்காதீங்க. செவப்பாவே அடிக்கவா? அழகா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அழகு யாருக்கு வேணும் இப்ப? வெளிப்பக்கம் எப்படியோ கெடக்கட்டும். உள்பக்கம் சுவரோட சுவரா ஆயிரணும், அதுவும் இன்னிக்கே. நெலை, கீலு, கைப்பிடி, எல்லாத்துக்கும் சேத்துத்தான் அடிக்கப் போறேன்.

இவளுக்குப் பைத்தியம்னு நெனைக்கிறீங்க. நெனைச்சுக்கங்க. கொஞ்சம் வெரசா மட்டும் பண்ணுங்க. பக்கத்து வீட்டு பெவர்லிய உக்கார வச்சுட்டு வந்திருக்கேன், அவ டிவியப் போட்டா ஒலகத்தையே மறந்துருவா. இருங்க, போனு. இல்ல, அவ இல்ல. மருந்துக்கடைக்காரங்க.

நான் கேட்டு வந்தது அரக்குல பண்ணுன பிரைமரு. ஸ்பிரிட்டு வாடை மூக்கத் தொளைக்குமே, அது. இருக்கா? அப்பாடா. மொதல்ல அத எடுத்து வைங்க. நைசு உப்புத்தாளும் வேணும். வார்னிஷோட மினுமினுப்பு போற வரைக்கும் தேச்சு, தொடச்சு, அரக்கு மெலிசா ஒரு கை, காஞ்சதும் இன்னொரு கை. அதுக்கப்புறந்தான் பெயின்ட்டாம். அரக்குப் பூசிட்டா சாயம் உள்ளயே அடங்கிருமாம்.

யாரு சொன்னாங்களா? எங்க வீட்டுக்காரரு, ஏய்னோ லைட்டினென். நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்குத் தெரியாது. இந்த ஏலி ஊருல பாதி வீடு அவரு பெயின்ட் அடிச்சதுதான். அந்தக் கதவுக்கும் அவருதான் சாயம் போட்டாரு, எங்களுக்குக் கல்யாணமான வருசம். நான் பிரஷ்ஷத் தொட்டாலே திட்டுவாரு. வச்சிரு மார்லிஸ், நீ சுவத்தக் கெடுத்துருவம்பாரு.

அப்ப அவரையே அடிக்கச் சொல்லலாமேங்குறீங்க. சொல்லலாம். அட, சொல்லலாம் தம்பி. நீங்க கலக்குறதப் பாருங்க, பச்சை கூடிறப் போவுது.

முந்தாநேத்து அந்த ரோஸ் திட்ட அவரு பாத்தாரு. கிட்டப் போயி நகத்தால சுரண்டிட்டு, எந்த முட்டாப்பய அடிச்சான் இத, அரக்குப் பூசாம அடிச்சா செவப்பு வராம என்ன பண்ணும்னாரு. கடகடன்னு எல்லாத்தையும் சொல்றாரு! அன்னிக்குக் காலையிலதான் கரின் போன்ல பேசுறப்ப, யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாரு. கரின் எங்க மக. ஒரே மக.

அவரு வெளிய போயிறாம இருக்கப் பூட்டா? போடாம இருப்பனா? ஸ்க்ரூ டிரைவர எடுத்துக் கழட்டி, திருகாணியெல்லாம் மேசையில வரிசையா அடுக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. கை எதையும் மறக்கல அவருக்கு. போன வாரம் ஏரி நடுவுல நிக்கிறாரு, ஐஸ் மேல, வீட்டுச் செருப்போட, வெறுஞ்சட்டையோட. மீன் பிடிக்க வந்தவங்க பாத்துக் கூட்டியாந்தாங்க. இன்னொரு தடவ இப்படிப் போனாருன்னா முதியோர் ஹோம்ல சேத்துருவேன்னு கரின் சொல்லிட்டா. சனிக்கெழம டுலூத்துலருந்து வர்றா. நான் அவர எங்கயும் விட மாட்டேன். அவரப் பாக்க வர்ற நர்சம்மாதான் இந்த வழியச் சொன்னாங்க. கதவு சுவரு மாதிரியே இருந்தா இப்படி மறதி வந்தவங்க கண்ணுக்குக் கதவாவே படாதாம், போக மாட்டாங்களாம். இந்தப் பாழாப்போன செவப்பு மட்டும் எட்டிப் பாக்காம இருக்கணும்.

இப்ப அவருதான் அங்க தேச்சுக்கிட்டு இருக்காரு. பழைய உப்புத்தாள் கொஞ்சம் கெடந்துச்சு, கையில குடுத்துட்டு வந்தேன். அவ்வளவு சந்தோசம், வாய்க்குள்ள பாட்டு வேற. கெளம்புறப்ப கேட்டாரு, இது எங்க போற கதவு மார்லிஸ்னு. அலமாரிக் கதவுன்னேன். அவரு மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு. சரி, நல்லாப் பண்ணித் தர்றேன், நீ குளிர்ல அலையாம சீக்கிரம் வந்துருன்னாரு.

மூடிய நல்லா அழுத்தி விடுங்க தம்பி. கார்ல கொட்டிரும்.