வெளிப்பக்கக் கைப்பிடி

லாரிக் கதவின் பூட்டுக்கு எண்ணெய் விடக் கூடாது. விட்டால் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு திறக்கும். பிறகு எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி, களியாகி, முன்பைவிட மோசமாக இறுகிக்கொள்ளும். பழைய பிசுக்கை மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும், தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். லாரி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இதையும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. என் தம்பி கிளமெண்ட் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். பிறகு என் மனைவியிடம் தேங்காய் எண்ணெய் வாங்கிப் போய் ஊற்றினான்.

நீங்கள் கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். அழுதுகொண்டே வாக்குமூலம் கொடுப்பவர்களைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முடிக்கத் தெரியும்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரே மதிலுக்குள் எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. நடுவில் உள்ள காலி இடத்தில் அவனுடைய லாரி நிற்கும். எவனோ ஓட்டிக் களைத்து விற்றதை இவன் வாங்கி, முன்கண்ணாடிக்கு மேல் மாதா படம் ஒட்டி, புது வண்டி மாதிரி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். டிரைவர் பக்கக் கதவின் உள் கைப்பிடி வாங்கிய கொஞ்ச நாளிலேயே கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் இறங்கியது எப்படித் தெரியுமா? கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, கதவை ஒரு தூக்கு தூக்கித் திறப்பான். தேய்ந்த பூட்டு, தூக்கினால்தான் விடும். நாற்பத்தைந்து வயது மனிதன், திருடன் மாதிரி தன் வண்டிக் கதவைத் தானே வெளியிலிருந்து திறந்துகொண்டு இறங்குவதைத் தினமும் நான் பார்க்க வேண்டும்.

"ஏன்டா, இத ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுனா என்ன?" என்று கேட்பேன்.

"காட்டலாம்ணே. இந்த வாரம் செந்துறைல ஒரு வூட்டுக்குச் செங்கல் ஏத்தணும். அது முடியட்டும்" என்பான்.

அடுத்த வாரம் வேறு எவன் வீட்டுக்காவது மணல். அதற்கடுத்த வாரம் எவனுக்கோ சாவு, பந்தல் சாமான். யாருக்கு என்ன என்றாலும் கிளமெண்ட் ஓடுவான். பிரசவ வலி வந்த ஒருத்தியை அந்த லாரியிலேயே அரியலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தானாம். அதை இன்னும் பெரிய சாதனை போலப் பேசுகிறார்கள். ஆம்புலன்சுக்கு போன் போட்டால் வந்திருக்கும். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவனை ஊரில் எல்லோரும், அவனைவிட மூத்தவர்கள்கூட, கிளமெண்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஊருக்கு மனிதர்களை எடைபோடத் தெரியாது. நான் எத்தனையோ பேருக்கு எழுத்து அறிவித்தேன். வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அது போதும். வீடு தேடி வந்து அரட்டை அடிக்கும் பழக்கத்தை நான் யாருக்கும் ஏற்படுத்தவில்லை.

அன்றைக்கு என் மனைவி அமலோற்பவமேரியும் கிளமெண்ட்டின் மனைவி சுபாவும் வரதராசன்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கத்திரி வெயில். நான் சாப்பிட உட்காரும் நேரத்தில் லாரி வந்தது. நிழலுக்காக மதிலோரம் ஒட்டி நிறுத்தினான். இடப்பக்கக் கதவு மதிலில் இடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் ஒரு பூனைகூட இறங்க முடியாது. தூசிக்காக வலப்பக்கக் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தான். அதை இறக்குகிற பிடி அன்றைக்கென்று சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடி நாலு விரல் அகலம் இறங்கி நின்றுவிட்டது. கை வெளியே வர வழியில்லை.

ஹாரன் அடித்தான். அவன் எதற்கும் ஹாரன் அடிப்பவன். காபிக்கு அடிப்பான், மழை வந்தால் அடிப்பான். அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணே, செத்த வந்து கதவத் தூக்குங்க. மாட்டிக்கிட்டேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"சாப்புட்டுட்டு வரேன்" என்றேன்.

இதில் குற்றம் எதுவும் இல்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். படிக்காத பையனை வெயிலில் நிறுத்தி வைப்பது உண்டு. கொஞ்ச நேரம் நின்றால் மறுநாள் படித்துக்கொண்டு வருவான். சிலுவை போட்டு உட்கார்ந்தேன். சோறும் கருவாட்டுக் குழம்பும். ஆற அமரச் சாப்பிட்டேன்.

இடையில் என் போன் அடித்தது. அவன்தான். சுபாவையும் கூப்பிட்டிருக்கிறான், கல்யாண வீட்டு மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சாப்பாட்டின்போது நான் போனை எடுப்பதில்லை. திரும்பவும் அடித்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் போன் விவரம் சரிதான்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். அவன் முகம் கண்ணாடிக்குப் பின்னால் வெளிறிப்போயிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அண்ணே, நெஞ்ச என்னமோ பண்ணுது. இடது கை இழுக்குது" என்றான். இப்போது சிரிக்கவில்லை.

சீட்டுக்குப் பின்னால் ஜாக்கிக் கம்பி எப்போதும் கிடக்கும். அதை எடுத்துக் கண்ணாடியை உடைத்திருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அவன் ஏன் உடைக்கவில்லை என்றால், நான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் சொன்னால் செய்வேன் என்பது அவனுக்குத் தெரியும். உடைக்கலாம் என்று தோன்றியபோது அவனுக்குக் கம்பியைத் தூக்கத் தெம்பில்லை.

நான் கைப்பிடியில் கை வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தகரம் சுட்டது. என் கை அங்கே இருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் அப்படியே தெளிந்துவிட்டது, சின்ன வயதில் கொள்ளிடத்தில் சுழல் இழுத்தபோது நான் முடியைப் பிடித்துத் தூக்கியதும் தெளிந்த மாதிரி. அப்போது அவன் பேசாமல் இருந்திருந்தால் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"மேல தூக்குங்கண்ணே. தூக்கிட்டே உள்ள ஒரு தள்ளு தள்ளி, அப்பறம் இழுங்க. உங்களுக்குப் பழக்கமில்ல, பாத்து" என்றான்.

எனக்குச் சொல்லித்தருகிறான். எத்தனை மாதமாக நான் சொன்னதைக் காதில் வாங்காமல், தன் அரைகுறை வித்தையை என்னிடமே பாடம் நடத்துகிறான், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு. கையை எடுத்துவிட்டேன்.

"இப்பவாவது புரியுதா?" என்று கேட்டேன்.

"புரியுதுண்ணே" என்றான்.

புரிந்த குரலாக எனக்குப் படவில்லை. வாசலில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பேப்பரைப் பிரித்தேன். அங்கிருந்து வண்டி நன்றாகத் தெரியும். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நாலு விரல் இடைவெளியில் விரல்களை வெளியே விட்டிருந்தான். "அண்ணே" என்று சில தடவை கூப்பிட்டான். கடைசியாக "அய்யா" என்றான். எங்கள் அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். என்னைக் கூப்பிட்டானா, அவரைக் கூப்பிட்டானா என்பது எனக்குத் தெரியாது. ஹாரன் ஒரு முறை நீளமாக அடித்தது. அவன் அதன்மேல் சாய்ந்திருக்க வேண்டும். பிறகு அதுவும் நின்றது.

பேப்பரை முடித்துவிட்டுப் போய்த் திறந்தேன். ஒரு தூக்கு, ஒரு தள்ளு. முதல் இழுப்பிலேயே வந்துவிட்டது.

தூங்கிவிட்டேன், எழுந்து பார்த்தால் இப்படி, என்று எல்லோரிடமும் சொன்னேன். மாரடைப்பு என்றார் டாக்டர். அது உண்மைதானே? யாரும் எதுவும் கேட்கவில்லை. சுபா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன்.

அடக்கம் முடிந்தபின் அந்த வண்டியை விற்றுவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். விற்பதற்கு முன்பு பூட்டைச் சரி செய்துவிட வேண்டும் என்று அரியலூரிலிருந்து பிச்சைமுத்து என்கிற மெக்கானிக்கை வரச் சொன்னேன். சாட்சியத்தை அழித்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கெட்டுப்போன ஒரு பொருள் என் வாசலில் நிற்பது எனக்குப் பிடிக்காது, அதுதான் காரணம். புது ஸ்பிரிங், பூட்டுக்குப் புது நாக்கு, உள்ளே ஒரு கைப்பிடி. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. இத்தனை சுலபமான வேலை.

அந்த ஆள் வேலையோடு நிறுத்தியிருக்கலாம். மோர் கொண்டுவந்து கொடுத்த சுபாவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான்.

"வெளிலேர்ந்து நல்லாவே தொறந்துச்சும்மா. உள்ளதான் புடி இல்ல. ஆராச்சும் ஒருத்தர் வெளில நின்னிருந்தா அண்ணன் எறங்கியிருப்பாரு."

அன்று சாயங்காலம் அவள் கிளமெண்ட்டின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவன் கூப்பிட்ட எண்கள் அதில் அப்படியே இருந்தன.

"மாமா, நீங்க தூங்கலதான?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். என் மனைவியும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் நேராகக் கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்வது என் வழக்கம். "இல்ல" என்றேன். அவள் கத்தவில்லை. "பொறாமைல கொன்னுட்டீங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தாள்.

சரி, நான்தான் செய்தேன். திறக்க முடிந்த கதவை, அவன் சாகிறான் என்று தெரிந்தே திறக்காமல் இருந்தேன். இதைச் சுற்றி வளைக்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். பூட்டைச் சரி செய்யத் தெரியாத ஒரு லாரிக்காரனிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அவன் அடக்கத்தன்று மாதா கோவிலுக்குள் இடம் போதாமல் ஜனங்கள் ரோடு வரைக்கும் நின்றார்கள். திருமழபாடியிலிருந்துகூட ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளே அவன் பெட்டியைத் தூக்க முண்டியடித்தார்கள், என்னைத் தாண்டிக்கொண்டு. எனக்கு அதில் பாதிக் கூட்டம்கூட வராது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.